முள்ளியவளையில் ரீச்சர்மாருக்கு ஒரு தங்குமிடம்

கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்து, கட்டுறு பயிலலுக்காக, அதாவது ஓர் ஆண்டு பாடசாலையில் பயிலுநராகக் கற்பிப்பதற்காக, முல்லைத்தீவு மாவட்டத்துக்கு அனுப்பப்படும் பிள்ளைகளுக்கு நியமனக் கடிதம் கையில் கிடைத்த அன்றே ஒரு கவலை பிடித்துக்கொள்ளும். பாடசாலை எப்படிப்பட்டதோ என்பதைவிட, எங்கே தங்குவது என்பதுதான் வீட்டிலுள்ள எல்லோரையும் உலுப்பும். அந்தக் கவலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பயிலுநர் ஆண்டு முழுவதும் முள்ளியவளையில் ஓர் அன்ரியின் வீட்டில் தங்கியிருந்தேன். அறை சுமார். தண்ணீர் சரியில்லை. சாப்பாடு மிக நல்லது. அந்த வீட்டின் பின்விறாந்தையில் கிடக்கும் மேசையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே போய்த் தங்குங்கள் என்று நான் யாருக்கும் துணிந்து சொல்வதற்கு அந்த மேசைதான் காரணம்.

இடம் முதலில். மாங்குளம் முல்லைத்தீவு வீதியில், ஒட்டுசுட்டானைத் தாண்டி வந்தால் முள்ளியவளை. வவுனியாவிலிருந்து வருபவர்களுக்கு நெடுங்கேணி வழியாக வரும் பஸ்ஸும் உண்டு. மாங்குளம் சுற்றி வருவதும் உண்டு. நெடுங்கேணிப் பாதை குறுக்கு, ஆனால் பின்னேரத்தில் அந்தக் காட்டுப் பகுதியில் யானை வீதிக்கு வரும் என்பதால் அன்ரி எங்களை எப்போதும் வெளிச்சத்தோடு வந்துவிடச் சொல்வார். பஸ்ஸால் இறங்கி ஐந்து நிமிடம் உள்ளே நடந்தால் வீடு வந்துவிடும். வீட்டில் பெயர்ப்பலகை இல்லை. அன்ரியும் தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சந்தியில் சைக்கிள் திருத்தும் கடையில் "ரீச்சர்மார் தங்குகிற வீடு" என்றால் கைகாட்டி விடுவார்கள்.

போருக்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடு அது. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்து, மக்களே நின்று கட்டிய வீடுகளில் ஒன்று. அன்ரி பின்பக்கம் இரண்டு அறைகளும் ஒரு விறாந்தையும் பிறகு இழுத்துப் போட்டிருக்கிறார். அறைக்கு இருவர் என்று நால்வருக்கு இடம். வாடகை ஆளுக்கு மாதம் 6,000 ரூபா, மின்சாரம் அதற்குள். சாப்பாடு தனிக் கணக்கு. வீட்டுக்குப் போகும் நாட்களுக்கு ஒரு சதமும் எடுக்க மாட்டார். பயிலுநர் கொடுப்பனவை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். கொடுப்பனவு பிந்திய மாதங்களில் அன்ரி வாடகையைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

அறைகளின் குறையைச் சொல்ல வேண்டும். கூரை தகரம். பங்குனி சித்திரையில் பகல் முழுவதும் வாங்கிய வெக்கையை அது இரவு பத்து மணி வரைக்கும் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி ஒன்றுதான், அதுவும் இரண்டு கட்டிலுக்கும் நடுவில். கிழக்குப் பக்க அறைக்கு வேப்பமர நிழல் இருக்கிறது. மேற்கு அறைக்கு எதுவுமில்லை. மாரியில் தகரத்தில் மழை கொட்டும்போது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஆனால் ஒழுக்கு இல்லை. மெத்தைகள் தடிப்பானவை, சுத்தமானவை. நுளம்பு வலை தருகிறார்கள், ஆனால் பழையவை.

தண்ணீர் கிணற்றுத் தண்ணீர், குளிக்கத் துவைக்க மட்டும். கேத்தலின் அடியில் ஒரு கிழமைக்குள்ளேயே வெள்ளையாகப் படிந்துவிடும். தலை முழுகினால் முடி கயிறாகும். குடிப்பதற்குச் சுத்திகரிப்பு நிலையத்துக் கலன் தண்ணீரை நாங்களே முறை வைத்து சைக்கிளில் போய் எடுத்து வர வேண்டும். வன்னியில் எங்கே தங்கினாலும் இதே கதைதான் என்பதால் இதை நான் அன்ரியின் கணக்கில் போடவில்லை. மலசலகூடம் நால்வருக்கும் ஒன்று. காலையில் ஏழு மணிக்கு முன் எல்லோரும் புறப்பட வேண்டிய வீட்டில் இது தினமும் ஒரு பிரச்சினை. இன்னொன்று கட்டினால் எவ்வளவோ நன்றாக இருக்கும், இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது மனம் நிறைகிறது. காலையில் புட்டு அல்லது இடியப்பம், சொதி, சம்பல். பாடசாலைக்கு ஒரு சோற்றுப் பொதி வாட்டிய வாழையிலையில் சுற்றித் தருவார். சிவப்பரிசிச் சோறு, ஒரு கீரை, ஒரு பருப்பு, ஒரு குழம்பு; நந்திக்கடலில் இறால் பட்ட நாட்களில் இறாலும் இருக்கும். முருங்கை இலையும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்த அந்த இறாலை நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை. வைகாசி ஆனியில் பாலைப்பழம் வரும். ஒரு சிறிய கடகத்தில் கொண்டுவந்து விறாந்தையில் வைப்பார், உதடெல்லாம் பால் ஒட்டிக்கொள்ளும் வரை சாப்பிட்டுக்கொண்டே பாடக்குறிப்பு எழுதுவோம். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் மரக்கறிதான், அதை முதலிலேயே சொல்லிவிடுவார். எங்களில் ஒருத்தி நோன்பு பிடித்த மாதத்தில், வீட்டில் முதலில் எழும்பியது அன்ரிதான். விடியப்புறம் சோற்றைச் சூடாக்கி, முட்டை பொரித்து வைத்துவிட்டு, அறைக் கதவில் மெதுவாகத் தட்டிவிட்டுப் போவார். கோழியும் இறைச்சியும் ஹலாலாக இருக்க வேண்டும் என்பதால் அந்த ஆண்டு முழுவதும் தண்ணீரூற்றில் ஒரு முஸ்லிம் கடையில் மட்டுமே வாங்கினார். இதையெல்லாம் யாரும் கேட்டுச் செய்ததில்லை.

இனி மேசை. முதிரைப் பலகை. பழைய வீட்டின் கதவு நிலை ஒன்றை அறுத்துச் செய்ததாம். நடுவில் ஒரு கருகல் அடையாளம் இருக்கிறது, மின்சாரம் வராத காலத்தில் விளக்கு சரிந்த இடம். ஒரு பிறிஸ்டல் போட் அட்டையை முழுதாக விரிக்கலாம், அவ்வளவு அகலம். பயிலுநர் ஆசிரியை எவருக்கும் இந்த அகலத்தின் அருமை தெரியும். நால்வரும் ஆளுக்கொரு பக்கம் இருப்போம். நான் செட்டிகுளம், பூந்தோட்டம் கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக்கல்வி நெறி படித்தவள். எனக்கு எதிரே பேசாலையிலிருந்து வந்த கணித ஆசிரியை, கத்தோலிக்கம். வலப்பக்கம் முசலிக்காரி, அட்டாளைச்சேனையில் விஞ்ஞானம் படித்துவிட்டு வந்தவள், இஸ்லாம். இடப்பக்கம் உருத்திரபுரம், கோப்பாயில் என்னைப் போலவே ஆரம்பக்கல்வி; அவளுடைய குடும்பம் போருக்குப் பிறகு ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்தது. அன்ரி சைவம். இப்படி ஒரு சேர்க்கை தானாக அமைந்தது, யாரும் திட்டமிடவில்லை.

என் பாடசாலை உள்ளே, வயல்களுக்கு நடுவில். தரம் 4, இருபத்தாறு பிள்ளைகள். கல்லூரியில் கற்பித்தற் பயிற்சிக்குப் போனபோது வகுப்பாசிரியர் பின்வாங்கில் இருப்பார், பிள்ளைகள் அவருக்குப் பயந்து அடங்கியிருப்பார்கள். இங்கே என்னைத் தவிர யாருமில்லை. பக்கத்து வகுப்புக்கும் எனக்கும் நடுவில் அரைச் சுவர்தான், அந்த வகுப்பின் பெருக்கல் வாய்பாடு என் தாய்மொழிப் பாடத்துக்குள் வந்து விழும். முதல் கிழமை முடியுமுன் என் தொண்டை கட்டிவிட்டது. அன்றிரவு பேசாலைக்காரி, "சத்தத்தைக் கூட்டாதீர், குறைத்துப் பேசும். நீர் குறைத்தால் அவர்கள் கேட்பதற்காகத் தாங்களே குறைப்பார்கள்" என்றாள். அவளுடைய தாயும் ஓர் ஆசிரியை. மறுநாள் நான் பாதிக் குரலில் ஒரு கதையைத் தொடங்கினேன். முன்வரிசை அடங்கியது, பிறகு பின்வரிசை முன்வரிசையை "உஷ்" என்றது. கல்லூரிக் குறிப்பேட்டில் வகுப்பறை முகாமைத்துவம் என்ற தலைப்பின் கீழ் பல பக்கங்கள் எழுதியிருக்கிறேன். இந்த ஒரு வரி அதில் இருக்கவில்லை.

அந்த வகுப்பில் ஒரு பையன் எழுதவே மாட்டான். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருப்பான். அறுவடைக் காலத்தில் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். வந்தால் கையெல்லாம் வைக்கோல் கீறல். அவனைப் பற்றி மேசையில் பலமுறை பேசினோம். முசலிக்காரிதான் கேட்டாள், அவனுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டார்களா என்று. சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடத்துக்கு வீட்டிலிருக்கும் நெல் வகைகளைக் கொண்டுவரச் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் ஒன்றிரண்டு கொண்டுவந்தார்கள். அவன் ஐந்து சிரட்டைகளில் கொண்டுவந்தான். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், ஆட்டக்காரி, ஏ.ரி. 362, ஐந்தாவதன் பெயர் அவனுக்கும் தெரியவில்லை, அப்பப்பாவிடம் கேட்டு வருவதாகச் சொன்னான். எதற்கு எத்தனை மாதம், எது சாயும், எது வெள்ளத்தில் நின்று பிடிக்கும் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனான். பிறகு சிரட்டைகளுக்குப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்றேன். எழுதினான். "மொட்டைக்கறுப்பன்" என்பதில் ஒற்று விட்டுவிட்டு, பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு, அழித்துத் திருப்பி எழுதினான். அன்றிரவு அந்தச் சீட்டை மேசையில் வைத்துக் காட்டினேன். நால்வருக்கும் சேர்த்துக் கிடைத்த வெற்றி அது.

இப்படிப் பாடசாலையில் கிடைத்ததெல்லாம் மேசைக்கு வரும். சமயமும் அப்படித்தான் வந்தது. எங்கள் நாட்டில் சமயம் ஒரு பாடம் என்பது எல்லோருக்கும் தெரியும். சமய பாடவேளை வந்தால் வகுப்பு பிரியும். சைவநெறிக்கு இருப்பவர்கள் இருக்க, கத்தோலிக்கப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் வேறு வகுப்புக்குப் போவார்கள், அல்லது அவர்களுக்கு ஆசிரியர் இல்லாவிட்டால் பின்வாங்கில் படம் கீறிக்கொண்டிருப்பார்கள். என் வகுப்பில் அப்படிப் பின்வாங்குக்குப் போகும் பிள்ளைகள் மூவர். நவராத்திரியில் வாணி விழா வந்தது. பூசை முடிந்து பிள்ளைகளை வரிசையாக விட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வரும்போது, அந்த மூவரில் ஒரு சிறுமி என் முன்னால் வந்து நெற்றியைக் கையால் மூடிக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பையன், அவள் பூசினால் அவளுடைய பாஸ்டர் அடிப்பார் என்றான். அவள் அழவில்லை. கையை எடுக்காமல் நின்றாள். நான் அடுத்த பிள்ளைக்குப் போனேன்.

அன்றிரவு இதைச் சொன்னேன். உருத்திரபுரத்தாள் வெட்டிக்கொண்டிருந்த டிமை தாளைக் கீழே வைத்தாள். அவள் ஆறாம் தரம் படிக்கும்போது, தாய் சபைக்குப் போகத் தொடங்கிய புதிதில், இதே போன்ற ஒரு வரிசையில் நின்றிருக்கிறாள். பூசினால் வீட்டில் அம்மா மனம் நோவார், பூசாவிட்டால் வகுப்பில் எல்லோரும் பார்ப்பார்கள். வரிசை நகர நகர வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று சொன்னாள். கடைசியில் மலசலகூடத்துக்கு என்று சொல்லி வரிசையை விட்டு ஓடியிருக்கிறாள். "எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான். என்னைக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

பேசாலைக்காரி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் செய்தால் பிள்ளைகளுக்கு எதிலும் வேர் பிடிக்காது, சமயம் என்பது கைபிடித்துக் கூட்டிப்போய்ப் பழக்குவது என்றாள். அவளுடைய அப்பப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மடு மாதா கோவிலுக்குப் போனதால்தான் அவளுக்கு மடு சொந்தமானது என்றாள். முசலிக்காரி இருவருக்கும் நடுவில் வந்தாள். வீட்டில் பழக்குவது தாய் தகப்பனின் கடமை. பாடசாலைக்கு எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள், அங்கே ரீச்சரின் கை எல்லார் நெற்றிக்கும் போகக்கூடாது என்றாள். நெடுநேரம் பேசினோம். அந்தப் பேச்சில் எனக்கு வெளிச்சமானது, என் வகுப்பில் நான் தினமும் காலையில் தேவாரம் பாட வைப்பதும், அந்த மூன்று பிள்ளைகளும் அப்போது எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதும்.

அடுத்த நாள் முதல் திருநீற்றுத் தட்டை வகுப்பு மேசையில் வைத்தேன். வேண்டியவர்கள் தாங்களே எடுத்துப் பூசலாம் என்றேன். முக்கால்வாசிப் பேர் முன்னரைவிட அதிகமாகவே பூசிக்கொண்டார்கள், சிலர் மூன்று குறியாக இழுத்துக் கண்ணாடி தேடினார்கள். காலையில் தேவாரத்துக்குப் பிறகு ஒரு நிமிடம் மௌனம் என்று வைத்தேன், அந்த நிமிடத்தில் யாரும் யாரையும் வேண்டிக்கொள்ளலாம். மார்கழியில் கிறிஸ்மஸுக்கான ஒளி விழா வந்தபோது அந்தச் சிறுமி பாலன் குடிலுக்கு வைக்கோல் கொண்டுவந்தாள். கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வைக்கோலை அடுக்கியது நெல் கொண்டுவந்த பையன்.

அன்ரியின் சாமி அறை ஒரு சுவர்த் தட்டு. நடுவில் வற்றாப்பளை அம்மன். வலப்பக்கம் முறிகண்டிப் பிள்ளையார். இடப்பக்கம் மடு மாதா. மூன்றுக்கும் ஒரே பூமாலையைச் சுற்றிப் போட்டிருப்பார். வன்னியில் இப்படிப் பல வீடுகளில் பார்க்கலாம். முதல் நாள் பேசாலைக்காரி அதைக் கண்டு வியந்து, அன்ரி எப்போது மடுவுக்குப் போனீர்கள் என்று கேட்டாள். அன்ரியின் மூத்த மகன் 2009இல் காணாமற்போனவன். அம்மனுக்கு ஒரு நேர்த்தி, மாதாவுக்கு ஒரு நேர்த்தி. அவன் வந்தால் இரண்டையும் நிறைவேற்றுவார். இதை அவர் ஒருமுறைதான் சொன்னார். நாங்கள் கடவுளைப் பற்றி எவ்வளவு சத்தமாக வாதிட்டாலும் அவர் அதில் சேர்ந்ததில்லை, தடுத்ததும் இல்லை. பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டு உள்ளே போவார்.

வைகாசிப் பொங்கலுக்கு நால்வரும் சேர்ந்து போனோம். முள்ளியவளையில் தங்குவதன் பெரும் பேறு இது. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்தக் கடல் நீரில் விளக்கு எரியும். பிறகு திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல். மதுரையை எரித்துவிட்டு இலங்கைக்கு வந்த கண்ணகி வந்து தங்கிய பத்தாவது இடம் வற்றாப்பளை என்பது ஐதீகம். நந்திக்கடல் ஓரத்தில் அந்த இரவு இலங்கையின் எல்லா மூலையிலிருந்தும் சனம் வந்து கூடும். காவடி, பாற்செம்பு, தூக்குக் காவடி, மணலில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பவர்கள். முசலிக்காரி கடைத்தெரு வரைக்கும் வந்தாள், காப்பு வாங்கினாள். கோவில் வாசலுக்குள் வரவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. ஆனால் கடல் நீரில் விளக்கு எரிவதைப் பற்றி அவளுக்கு எவ்வளவோ கேள்விகள். விஞ்ஞான ரீச்சர் அல்லவா. திரி என்ன துணி, எண்ணெய் விடுவார்களா, எத்தனை நாள் எரியும் என்று கடலைக்காரரிடமே கேட்டுக்கொண்டு நின்றாள். திரும்பி வரும் வழியில் உருத்திரபுரத்தாள், நீர் இதை நம்புகிறீரா என்று அவளை நேரடியாகக் கேட்டாள். "நான் பார்க்காததை இல்லை என்று சொல்ல மாட்டேன். வகுப்பில் நான் பார்த்ததை மட்டும் சொல்லுவேன்" என்றாள். உருத்திரபுரத்தாளுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கு அது இன்றுவரை உதவுகிறது, பிள்ளைகள் பேய் உண்டா என்று கேட்கும்போதெல்லாம்.

மடுவுக்கு ஆடித் திருவிழா நெரிசலில் போகாமல், அதற்குப் பிந்திய ஒரு சனிக்கிழமை போனோம். மடுச் சந்தியில் இறங்கி உள்ளே போகும் அந்தக் காட்டு வழி முழுவதும் பேசாலைக்காரி பேசிக்கொண்டே வந்தாள். 1670இல் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி மாந்தைக் கத்தோலிக்கர்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் வந்தது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருமார் அதே சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனது. ஆகஸ்டில் அது திரும்பி வந்தது. மாதாவும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவர் என்றாள். நான் அப்போது திருக்கேதீச்சரத்தை நினைத்தேன். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அந்தக் கோவில் இருப்பதும் அதே மாந்தைப் பக்கம்தான். அதை இடித்தவர்கள் போர்த்துக்கேயர். அவளுடைய மாதாவை விரட்டியவர்கள் ஒல்லாந்தர். அடுத்தடுத்து வந்த இரண்டு பேரரசுகள், ஒரே மண். முசலிக்காரி, எங்கள் ஊரும் அங்கிருந்து கிட்டத்தான் என்றாள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவளுடைய தாய் பதினைந்து வயதுப் பெண். இவள் பிறந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். அந்த மரநிழலில் இருந்து அவள் அதைச் சொல்லும்போது பக்கத்தில் இருந்த நாங்கள் மூவரும் தமிழர்கள், எங்கள் பெயரால்தான் அது நடந்தது. நான் அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை எடுக்கவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைப் படித்ததில்லை என்றேன். "அதற்குத்தானே நாங்கள் ரீச்சராகிறோம்" என்றாள்.

எல்லா இரவும் இப்படி இணக்கமாக முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மே 18ஐ ஒட்டிய ஓர் இரவு, முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்துவிட்டு வந்திருந்தோம். 2009இல் போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த, அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சி. நான் கேட்டேன், அந்த நாட்களில் இவ்வளவு சனம் இவ்வளவு கடவுள்களைக் கூப்பிட்டதே, யாருக்காவது கேட்டதா என்று. உருத்திரபுரத்தாள் அந்த மணலில் ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தவள். எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து மேசையில் இருந்து சொன்னாள். பங்கருக்குள் அவளுடைய அம்மா எல்லாச் சாமியின் பெயரையும் சொன்னாராம். முகாமுக்கு வந்த பிறகு யாரும் இவர்களைத் தேடி வரவில்லை. சபைக்காரர்கள் வந்தார்கள், அரிசியோடு வந்தார்கள் என்று ஊர் பேசுகிறது, அவர்கள் கூட இருந்து அழுதார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை என்றாள். அம்மா அரிசிக்காகப் போகவில்லை, அழ இடம் தேடிப் போனார் என்றாள். சபைக்குப் போகிறவர்களைப் பற்றி எங்கள் ஊரில் சொல்லப்படும் வார்த்தைகள் எத்தனையோ. அவற்றை நானும் கேட்டு வளர்ந்தவள். அந்த இரவுக்குப் பிறகு அவற்றை என் முன்னால் யாராவது சொன்னால் நான் சும்மா இருப்பதில்லை.

என் கேள்விக்கு இன்னமும் பதில் இல்லை. ஆனால் காலையில் பிள்ளைகளோடு தேவாரம் பாடும்போது இப்போது நான் சொல்லைக் கவனித்துப் பாடுகிறேன். முன்பு மணியடிப்பதற்கு முன் முடிக்க வேண்டிய ஒன்றாக அது இருந்தது.

வீட்டு விதிகள் சில. மாலை ஆறரைக்குள் வந்துவிட வேண்டும், பிந்தினால் தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஆண் நண்பர்கள் முன்விறாந்தை வரைதான். இரவு பத்தரைக்கு முன்விளக்கு அணையும், பின்விறாந்தை விளக்கை எங்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுவார். மேற்பார்வைக்கு விரிவுரையாளர் வரும் கிழமைகளில் இரண்டு மணி வரைக்கும் அது எரிந்திருக்கிறது. இதே பகுதியில் வேறொரு தங்குமிடத்தில் முதலில் போய் விசாரித்தபோது, முஸ்லிம் பிள்ளைக்கு இடமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். நாங்கள் நால்வரும் திரும்பி நடந்தோம். அன்ரியிடம் வந்தபோது அவர் கேட்டது, நால்வரில் யாருக்கு எந்தச் சாப்பாடு ஆகாது என்பதை மட்டும்தான்.

யாருக்கு இது சரிவராது என்றும் சொல்ல வேண்டும். தனி அறை, தனிக் குளியலறை வேண்டும் என்பவர்கள் முல்லைத்தீவு நகரத்தில் பார்ப்பது நல்லது. இணைய வசதி இல்லை. கைத்தொலைபேசி அலைவரிசை விறாந்தையின் கிணற்றுப் பக்க மூலையில் மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும். மாலையில் அமைதியாக, யாருடனும் பேசாமல் படிக்க வேண்டும் என்பவருக்கு அந்த மேசை ஒத்துவராது. புதுக்குடியிருப்புப் பக்கப் பாடசாலை கிடைத்தவர்களுக்கு தினமும் போய்வர தூரம் அதிகம். ஒட்டுசுட்டான், தண்ணீரூற்று, வற்றாப்பளை, முல்லைத்தீவுப் பாடசாலைகளுக்கு இதைவிட வசதியான இடம் நான் அறியேன்.

போகிறவர்கள் சொந்த நுளம்பு வலை, ஒரு நீண்ட மின்னிணைப்பு வயர், ஐந்து லீற்றர் தண்ணீர்க் கலன் ஒன்று கொண்டுபோங்கள். சைக்கிள் இருந்தால் அதையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போங்கள், அங்கே வாடகைக்குக் கிடைக்காது. முடிந்தால் கிழக்குப் பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள். புதிய பயிலுநர்களுக்கான கடிதங்கள் வந்ததும் இடம் வேகமாக நிரம்பிவிடும். எனவே கடிதம் கிடைத்த கிழமையே ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துச் சொல்லிவைப்பது நல்லது. மதியத்துக்கு முன் போனால் அன்ரி சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்.